ஞாயிற்றை அளக்க ஒரு சனிக்கிழமை

பசுமை ஆற்றல் என்ற சொல்லை இன்று கேளாதார் இல்லை. வீட்டுக் கூரைமேல் சூரியப் பலகை, ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை, சாலையில் மின்சார வண்டி என்று எங்கு நோக்கினும் அதன் அடையாளங்கள். 'சூரியன் இருக்கக் கவலை எதற்கு?' என்கிறார் ஒருவர். 'வெயிலை நம்பி ஆலை நடத்த முடியுமா?' என்கிறார் மற்றொருவர். இருவரில் யார் சொல்வது சரி?

வாதத்தால் இதற்கு விடை கிடைக்காது. அளந்துதான் பார்க்க வேண்டும். அளப்பதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு சனிக்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். இருபது மாணவர்கள், ஓர் இயற்பியல் ஆசிரியர், பள்ளி ஆய்வகத்தில் உள்ள சில எளிய கருவிகள் ஆகியவை இருந்தால் உங்கள் பள்ளியிலேயே ஒரு முகாம் நடத்திவிடலாம். அந்த இரண்டு நாள்களில் என்னென்ன செய்யலாம், அவற்றால் என்ன விளங்கும் என்பதைக் காண்போம்.

சனி காலை: ஒரு யூனிட் என்பது எவ்வளவு?

மின் கட்டணச் சீட்டில் 'யூனிட்' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் வாட் திறனை ஒரு மணி நேரம் செலவிட்டால் அது ஒரு யூனிட். ஒரு மணிக்கு 3,600 விநாடிகள். ஆகவே ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல் ஆற்றல்.

36 லட்சம் என்பது வெறும் எண்ணாகவே தோன்றும். அதை உடம்பால் உணர ஒரு வழி உண்டு. 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவர் 3 மீட்டர் உயரமுள்ள மாடிக்குப் படியேறட்டும். எடை நிறை 50, புவியீர்ப்பு முடுக்கம் 9.8, உயரம் 3. மூன்றையும் பெருக்கினால் 1,470 ஜூல். ஒரு யூனிட்டுக்கு ஈடான வேலை செய்ய அவர் ஏறத்தாழ 2,450 முறை ஏற வேண்டும்! ஒரு முறை ஏற 6 விநாடி என்றால், இறங்கும் நேரத்தையும் ஓய்வையும் சேர்க்காமலே நான்கு மணி நேரம் ஆகும். அந்த வேகத்தில் அவருடைய திறன் 245 வாட். நிறுத்து கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு உங்கள் ஒவ்வொருவரின் திறனையும் கணக்கிட்டு ஒரு பட்டியல் எழுதுங்கள்.

அடுத்து மின்சார மீட்டரைப் போய்ப் பாருங்கள். அதைத் தொடவோ திறக்கவோ கூடாது. எட்ட நின்று பார்த்தால் போதும். மின்னணு மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3,200 என்று இருப்பதாகக் கொள்வோம். அப்படியானால் ஒரு சிமிட்டலுக்கு 1,125 ஜூல். மற்றவற்றையெல்லாம் நிறுத்திவிட்டு ஒரே ஒரு மின்விசிறியை ஓட விட்டால், இரண்டு சிமிட்டல்களுக்கு இடையே 15 விநாடி ஆகிறதா? 1,125-ஐ 15-ஆல் வகுத்தால் 75. அந்த விசிறி 75 வாட் விசிறி என்பது தெரிந்துவிட்டது.

மூச்சிரைக்க ஒரு மாடி ஏறியதற்கு மீட்டர் தரும் மதிப்பு ஒன்றேகால் சிமிட்டல்தான். ஒரு விசிறியை ஓயாமல் ஓட்ட, இருபது விநாடிக்கு ஒரு முறை ஒருவர் மாடி ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த உழைப்பை இன்று நமக்காகப் பெரும்பாலும் செய்துவருவது நிலக்கரி. நம் நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ 700 கிராம் எரிக்க வேண்டும். அதிலிருந்து சுமார் ஒரு கிலோ கரியமில வாயு வானில் கலக்கிறது. இதற்கு மாற்றுத் தேடுவதுதான் பசுமை ஆற்றலின் நோக்கம்.

சனி நண்பகல்: தட்டில் பிடித்த வெயில்

இப்போது சூரியனை அளப்போம். 40 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள ஓர் அலுமினியத் தட்டின் உட்புறத்தில் மங்கலான கறுப்புச் சாயம் பூசி உலர வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். தட்டின் அடியில் பழைய செய்தித்தாள்களை மடித்து வையுங்கள். வெப்பம் தரைக்குப் போகாது. மேலே ஒரு மெல்லிய கண்ணாடித் தகட்டை மூடுங்கள். நீர் ஆவியாகி வெப்பம் வீணாவது குறையும். உச்சி வெயிலில் தட்டை வைத்து, நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பமானியைப் படியுங்கள். சூரியனை மட்டும் நேருக்கு நேர் பார்க்கக் கூடாது, கண்ணுக்கு ஆபத்து.

இங்கே பழைய ஆய்வாளர்கள் கையாண்ட ஓர் உபாயத்தை நாமும் கையாளலாம். தண்ணீரைக் காற்றின் வெப்பநிலையைவிட 3 டிகிரி குளிர்ந்ததாக எடுத்துக்கொண்டு, 3 டிகிரி கூடியதும் சோதனையை நிறுத்த வேண்டும். முதற்பாதியில் நீர் காற்றிடமிருந்து வெப்பம் பெறும். பிற்பாதியில் காற்றுக்கு வெப்பம் கொடுக்கும். வரவும் செலவும் ஏறத்தாழச் சரியாகிவிடும்.

இந்த 6 டிகிரி உயர்வுக்கு 10 நிமிடம் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோ நீர், தன்வெப்பம் 4,200, உயர்வு 6. பெருக்கினால் 50,400 ஜூல். அதை 600 விநாடியால் வகுத்தால் 84 வாட். தட்டின் பரப்பு 0.12 சதுர மீட்டர். ஆகவே ஒரு சதுர மீட்டருக்கு 700 வாட்! தெளிந்த வானில் உச்சி வேளையில் தரைக்கு வருவது சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட். கண்ணாடியும் நீரும் திருப்பி அனுப்பியது, தட்டு விழுங்கியது போன்றவைதான் மீதி.

இந்தச் சோதனைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1837-ஆம் ஆண்டு வாக்கில் பிரெஞ்சு அறிஞர் கிளாட் புய்யே, கறுப்புப் பூசிய ஒரு நீர்ப் பாத்திரத்தையும் வெப்பமானியையும் கொண்டே சூரியனின் ஆற்றலை அளந்தார். காற்று மண்டலம் எவ்வளவு தடுக்கிறது என்பதையும், சூரியன் வெவ்வேறு உயரங்களில் இருக்கும்போது அளந்து கண்டுகொண்டார். வளிமண்டலத்துக்கு மேலே ஒரு சதுர மீட்டருக்கு 1,228 வாட் என்பது இன்றைய அலகில் அவர் கண்ட விடை. இன்று செயற்கைக் கோள்கள் அளந்து கூறும் எண் ஏறத்தாழ 1,361. ஒரு பாத்திரத் தண்ணீரைக் கொண்டு, பத்து விழுக்காடு வித்தியாசத்தில் சூரியனைப் பிடித்துவிட்டார் அவர்!

சனி பிற்பகல்: பலகை ஏன் எல்லாவற்றையும் தருவதில்லை?

சதுர மீட்டருக்கு 1,000 வாட் வருகிறது. ஆனால் கூரைமேல் உள்ள நல்ல சிலிக்கான் பலகை அதில் சுமார் 200 வாட்டைத்தான் மின்சாரமாக்குகிறது. மீதி எங்கே போயிற்று?

ஒளி என்பது சிறுசிறு ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது. அவற்றை ஃபோட்டான்கள் என்கிறோம். சிலிக்கான் அணுக்களிடையே கட்டுண்டு கிடக்கும் ஓர் எலெக்ட்ரானை விடுவிக்கக் குறைந்தபட்ச ஆற்றல் ஒன்று தேவை. அகச்சிவப்பு ஒளியின் பெரும்பகுதியில் அந்த அளவு ஆற்றல் இல்லை; அத்தகைய ஃபோட்டான்களால் மின்சாரம் பிறப்பதில்லை. நீல ஒளியின் ஃபோட்டானிடம் தேவைக்கு மிஞ்சிய ஆற்றல் இருக்கிறது; ஆனால் விடுவிக்கப்படுவது ஓர் எலெக்ட்ரான்தான், மிஞ்சியது வெப்பமாகிவிடுகிறது. பத்து ரூபாய்ச் சீட்டுக்கு ஐந்து ரூபாய் கொடுத்தால் உள்ளே விடமாட்டார்கள். ஐம்பது ரூபாய் கொடுத்தாலோ மீதிச் சில்லறை கிடையாது. அப்படிப்பட்ட கடுமையான வாயிற்காவலன் இந்தச் சிலிக்கான்!

1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவர் செய்த முதல் நடைமுறைச் சிலிக்கான் மின்கலம் சுமார் 6 விழுக்காடு பயன் தந்தது. 1961-இல் ஷாக்லி, குவிசர் என்ற இருவர், ஒரே வகைக் குறைகடத்தியில் ஒரு சந்தி கொண்ட கலம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தர இயலாது என்று கணக்கிட்டுக் காட்டினர். இது தொழிற்சாலையின் குறையன்று, இயற்கையின் விதி.

ஒரு சிறு சூரியப் பலகையும் மல்டிமீட்டரும் கிடைத்தால் மூன்று சோதனைகள் செய்யுங்கள். முதலில் பலகையைச் சூரியனுக்கு நேராக வைத்து மின்னோட்டத்தை அளங்கள். பிறகு 60 டிகிரி சாய்த்து அளங்கள். மின்னோட்டம் ஏறக்குறையப் பாதியாகும். நீங்கள் வகுப்பில் படித்த கொசைன் இங்கே வெயிலில் வேலை செய்கிறது. இரண்டாவதாக, ஒரே ஒரு கலத்தை ஓர் இலையால் மூடிப் பாருங்கள். கலங்கள் தொடரிணைப்பில் இருப்பதால், ஒன்றின் நிழல் எல்லாவற்றையும் தடுத்து, மின்னோட்டம் பெரிதும் விழும். மூன்றாவதாக, வெயிலில் நன்கு காய்ந்த பலகையின் மின்னழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, பின்புறம் ஈரத்துணி போட்டுக் குளிர வைத்து மறுபடி அளங்கள். மின்னழுத்தம் கூடும்! வெயில் பலகைக்கு உணவு. வெப்பம் அதற்குப் பகை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் திறனில் 0.3 முதல் 0.4 விழுக்காடு குறைகிறது. பலகை 65 டிகிரிக்குச் சூடேறினால் 12 முதல் 16 விழுக்காடு இழப்பு.

இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் நிறுவப்பட்ட சூரிய மின்நிலையம் 648 மெகாவாட் திறன் கொண்டது. அது சுமார் 2,500 ஏக்கர், அதாவது 10 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. இவ்வளவு நிலம் ஏன் என்பது இப்போது உங்களுக்குப் புரியும். சூரிய ஆற்றல் குறைவானதன்று. ஆனால் மெல்லியதாகப் பரவிக் கிடக்கிறது. சிறுதுளிகளைச் சேர்த்தால்தான் பெருவெள்ளம். சேர்ப்பதற்கோ பரப்பு வேண்டும்.

ஞாயிறு காலை: நூலில் கட்டிய பந்து

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அம்மி பறக்கிறதோ இல்லையோ, காற்றின் வலிமை பற்றிய கணிதம் அந்தப் பழமொழிக்குள் இருக்கிறது.

ஒரு சதுர மீட்டர் வளையத்தின் ஊடே விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று வீசுவதாகக் கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோ. ஆகவே விநாடிக்கு 6 கிலோ காற்று கடந்து செல்லும்; அதன் இயக்க ஆற்றல் 75 ஜூல். வேகம் இரு மடங்கானால் என்ன ஆகும்? இரு மடங்கு காற்று வரும். ஒவ்வொரு கிலோவும் நான்கு மடங்கு ஆற்றலோடு வரும். இரண்டும் நான்கும் எட்டு மடங்கு! 75 வாட் 600 வாட் ஆகிவிடும். காற்றின் திறன் வேகத்தின் கனத்தைப் பொறுத்தது என்பது இதுதான்.

வேகத்தை அளக்க ஒரு மேசைப் பந்து, நூல், கோணமானி ஆகிய மூன்றும் போதும். 40 மி.மீ. விட்டமும் 2.7 கிராம் நிறையும் உள்ள பந்தை ஓர் அடி நூலில் ஒட்டி, நூலின் மறுமுனையைக் கோணமானியின் மையத்தில் கட்டுங்கள். காற்றில் பிடித்தால் நூல் செங்குத்திலிருந்து விலகும். விலகல் 30 டிகிரி என்றால் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். 45 டிகிரி என்றால் 9. 60 டிகிரி என்றால் 12. பள்ளி முற்றத்திலும் மொட்டை மாடியிலும் ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிடுங்கள். மாடியில் கைப்பிடிச் சுவர் அருகே நிற்கும்போது ஆசிரியர் உடன் இருக்கட்டும். காற்றாலைக் கோபுரங்களை ஏன் அவ்வளவு உயரமாகக் கட்டுகிறார்கள் என்பது அந்த ஒப்பீட்டில் தெரியும்.

காற்றில் உள்ள ஆற்றல் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாமா? முடியாது. முழுவதையும் எடுத்தால் காற்று சக்கரத்தின் பின்னாலேயே நின்றுவிடும். நின்ற காற்று, பின்னால் வரும் காற்றுக்கு வழி விடாது. ஆகவே கொஞ்சம் வேகத்தோடு அதைப் போக விட வேண்டும். அதிகபட்சம் 27-இல் 16 பங்கு, அதாவது சுமார் 59 விழுக்காடுதான் எடுக்கலாம் என்று 1919-இல் ஜெர்மானிய இயற்பியலார் ஆல்பர்ட் பெட்ஸ் நிறுவினார்.

நம் மாநிலத்துக்கு இயற்கை ஒரு சலுகை தந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மதில்போல் மறிக்கிறது. மதிலில் சில வாயில்கள்: பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. அகன்ற ஆறு குறுகலான மதகில் பாய்வதுபோல் காற்று அங்கே விரைகிறது. முப்பந்தல் காற்றாலைகளும், உடுமலை, பல்லடம் பகுதிக் காற்றாலைகளும் அந்த வாயில்களின் நேர் எதிரே நிற்பது தற்செயலன்று.

இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகள் 1986-இல் மகாராஷ்டிரம், குஜராத், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் கடலோரங்களில் எழுந்தன. ஒவ்வொரு இயந்திரமும் 55 கிலோவாட். சுழலியின் விட்டம் சுமார் 15 மீட்டர். இன்று 120 மீட்டர் விட்டமுள்ளவை வந்துவிட்டன; ஒவ்வொன்றும் 2 மெகாவாட்டுக்கு மேல் தரும். விட்டம் 8 மடங்கு, பரப்பு 64 மடங்கு! இங்கும் அதே பாடம்தான்: மெல்லியதைச் சேர்க்கப் பரப்பு வேண்டும்.

ஞாயிறு நண்பகல்: பகலை இரவுக்குச் சேமிப்பது

இதுவரை முதல் சிக்கலைக் கண்டோம். இனி இரண்டாவது சிக்கல். சூரியன் நண்பகலில் அள்ளித் தருகிறது. நாமோ இரவு ஏழு மணிக்கு விளக்குகளையும் விசிறிகளையும் போடுகிறோம். காற்று மே முதல் செப்டம்பர் வரை பலமாக வீசுகிறது. மற்ற மாதங்களில் ஓய்ந்துவிடுகிறது. இயற்கை தரும் நேரம் வேறு, நாம் கேட்கும் நேரம் வேறு. ஆகவே சேமிக்க வேண்டும்.

பள்ளி மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியும் ஒரு சேமிப்பகம்தான். 10 மீட்டர் உயரத்தில் 1,000 லிட்டர் நீர் இருந்தால் அதன் நிலை ஆற்றல் 98,000 ஜூல். சிறிதும் வீணாக்காமல் மின்சாரமாக்கினால், 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று மூன்று மணி நேரம் எரியும். அவ்வளவுதான்! ஒரு யூனிட்டைச் சேமிக்க அந்த உயரத்தில் ஏறத்தாழ 37,000 லிட்டர் தேவை.

தொட்டி தோற்றாலும் கருத்து தோற்கவில்லை. உயரத்தைக் கூட்டினால் போதும். கோவை மாவட்டத்தில் ஆனைமலைப் பகுதியில் உள்ள காடம்பாறை நிலத்தடி மின்நிலையம் இதைத்தான் செய்கிறது. மேலே காடம்பாறை நீர்த்தேக்கம். கீழே மேல் ஆழியாறு நீர்த்தேக்கம். மின்சாரம் மிஞ்சும்போது கீழிருந்து நீரை மேலே ஏற்றுவதும், தேவைப்படும்போது அதையே இறக்கி மின்சாரம் எடுப்பதும் அதன் வேலை. 100 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு; மொத்தம் 400 மெகாவாட். இடையில் உள்ள உயரம் 300 மீட்டருக்கும் மேல். அந்த உயரத்தில் ஒரு கன மீட்டர் நீரே முக்கால் யூனிட்டுக்கு மேல் தாங்கும்.

வேதியியல் இன்னும் நெருக்கமாகச் சேமிக்கிறது. நம் தொட்டிக் கணக்கில் 37 டன் நீர் தாங்கும் ஒரு யூனிட்டை, ஏறத்தாழ 5 கிலோ லித்தியம் அயனி மின்கலங்கள் தாங்கிவிடும். ஆனால் அவற்றுக்கு விலை உண்டு. ஆயுள் வரம்பும் உண்டு. இரண்டு வழிகளிலும் போட்டது முழுவதும் திரும்பி வராது. ஒரு சிறு பங்கு ஒவ்வொரு முறையும் வெப்பமாகக் கழிந்துவிடும்.

ஞாயிறு மாலை: பள்ளியின் மின் வரவு செலவு

முகாமின் கடைசி வேலை ஒரு தாளும் பென்சிலும் கொண்டு முடிவது. உங்கள் பள்ளியில் 10 வகுப்பறைகள், அறைக்கு 75 வாட் விசிறி நான்கு, 20 வாட் விளக்கு இரண்டு, நாளுக்கு 6 மணி நேரம் என்று கொள்வோம். விசிறிகளுக்கு 18 யூனிட், விளக்குகளுக்கு 2.4 யூனிட், ஆக 20.4 யூனிட். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பலகை நாளொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 4 யூனிட் தரும்; அதற்கு 5 சதுர மீட்டர் இடம் போதும். ஆகவே 5 கிலோவாட் பலகை, 25 சதுர மீட்டர். ஒரு வகுப்பறைக் கூரையின் ஒரு பகுதிதான்!

இப்போது விசிறிகளை மாற்றிப் பார்ப்போம். புதிய வகை விசிறிகள் 30 வாட்டில் ஓடுகின்றன. செலவு 18-லிருந்து 7.2 யூனிட்டாகக் குறைகிறது. மொத்தம் 9.6 யூனிட், இரண்டரை கிலோவாட் பலகையே போதும். பலகை வாங்கும் முன் விசிறியைக் கவனிப்பது நல்லது என்று கணக்கு சொல்கிறது. மிச்சப்படுத்திய யூனிட்டுக்கு நிலமும் வேண்டாம், மின்கலமும் வேண்டாம்.

பள்ளி பகலில் இயங்குவது. சூரியனும் பகலில் வருவது. இந்தப் பொருத்தம் வீட்டுக்கு இல்லை. உங்கள் வீட்டுக்கும் இதே கணக்கைப் போட்டு, எத்தனை யூனிட் இருட்டிய பிறகு செலவாகிறது என்று தனியாக எழுதுங்கள். அந்த எண்தான் சேமிப்பின் தேவையைச் சொல்லும்.

இந்த இரண்டு நாள் பழக்கம் வேறொரு வகையிலும் கைகொடுக்கும். 'தண்ணீரில் ஓடும் கார்' என்றும், 'தானே சுழன்று மின்சாரம் தரும் சக்கரம்' என்றும் அவ்வப்போது செய்தி வரும். பதற வேண்டாம், வரவு செலவு கேளுங்கள். தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அடுப்பில் மிஞ்சிய சாம்பல் போன்றது. அதைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க நடைமுறையில் ஏறத்தாழ 50 யூனிட் செலவாகும். அதைத் திரும்ப எரித்தால் கிடைப்பது 40 யூனிட்டைத் தாண்டாது. சாம்பலை எரித்து யாரும் சோறு சமைத்ததில்லை.

தொடக்கத்தில் வாதிட்ட இருவரிடமும் இப்போது போகலாம். சூரியன் இருக்கிறது என்றவர் சொன்னது உண்மை. ஆனால் பரப்பைக் கணக்கிட அவர் மறந்தார். வெயிலை நம்ப முடியுமா என்றவர் கேட்டதும் நியாயம். ஆனால் சேமிக்க வழி உண்டு என்பதை அவர் எண்ணவில்லை. எவ்வளவு நிலம், எங்கே, யாருடைய மேய்ச்சல் தரையில், எந்த மலையில் நீர்த்தேக்கம், எவ்வளவு செலவில் என்ற கேள்விகள் இனி வரும் ஆண்டுகளில் ஒவ்வோர் ஊரிலும் எழும். அவற்றுக்கு விடை சொல்லப்போகிறவர்கள் நீங்கள்தான். அன்றைக்கு உரத்த குரலைவிட, ஒரு தட்டுத் தண்ணீரில் சூரியனை அளந்த அனுபவம் உங்களுக்குப் பெரிய துணையாக இருக்கும். அடுத்த சனிக்கிழமை வானம் தெளிவாக இருந்தால், தட்டுக்குச் சாயம் பூசத் தொடங்குங்கள்!